கடைசிக் காம்பராவின் நுளம்புகள்

என்ன வேலை பார்க்கிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்டால் "ஆராய்ச்சி" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். விவரமாகச் சொன்னால் சிரிப்பார்கள். கோழிக்கும் குருவிக்கும்கூட மலேரியா வருகிறது, அதை எந்த நுளம்பு, எங்கள் வீட்டுப் பேச்சில் கொசு, கொண்டுபோய்க் கொடுக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை என்றால், படித்த பிள்ளைக்கு வேறு பிழைப்புக் கிடைக்கவில்லையா என்கிற மாதிரி ஒரு பார்வை பார்ப்பார்கள். "அப்ப கோழிக்குக் குளிர்க் காய்ச்சல் வந்தா கம்பளி போத்தி விடணுமா?" என்று ஒரு சித்தப்பா கேட்டு, கல்யாண வீட்டில் ஒரு பந்தியையே சிரிக்க வைத்தார். அன்றைக்கு நானும் சேர்ந்துதான் சிரித்தேன். இப்போது யாராவது அப்படிக் கேட்டால் எழுந்து போய்விடுகிறேன்.

மனிதருக்கு வருகிற மலேரியா வேறு, பறவைக்கு வருகிற மலேரியா வேறு. பறவையின் ஒட்டுண்ணி நம் உடம்பில் பிழைக்காது. இதை, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில், எத்தனை இஸ்தோப்புத் திண்ணைகளில் உட்கார்ந்து சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. தலையை ஆட்டிக் கேட்பார்கள். தேத்தண்ணி தருவார்கள். நான் எழுந்து நாலு எட்டு வைத்ததும் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்கும்.

வேலையின் சூட்சுமத்தைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் நான் சொல்லப்போகிற அநியாயம் விளங்காது. நோயுள்ள ஒரு கோழியைக் கடித்தால் எந்த நுளம்பின் வயிற்றுக்குள்ளும் இரத்தத்தோடு சேர்ந்து ஒட்டுண்ணியும் போகும். பெரும்பாலான நுளம்புகளில் அது அங்கேயே செரித்துப் போய்விடும். ஒருசில இனங்களில் மட்டும் வயிற்றுச் சுவரைத் தாண்டி, பெருகி, தொண்டைக்குப் பக்கத்திலிருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பியில் வந்து சேரும். அப்படிச் சேர்ந்தால்தான் அடுத்த கடியில் அடுத்த பறவைக்குப் போகும். ஆகவே வயிற்றில் இருப்பதைக் கண்டுவிட்டு இந்த நுளம்புதான் நோயைப் பரப்புகிறது என்று சொல்ல முடியாது. சுரப்பியில் காண வேண்டும்.

அதைக் காண்பது லேசுப்பட்ட வேலையில்லை. நுளம்பைக் குளிரில் மயக்கி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு உப்புநீரில் கிடத்தி, ஒரு ஊசியால் உடம்பை அமுக்கிக்கொண்டு இன்னொரு ஊசியால் தலையை மெல்ல இழுக்க வேண்டும். கை பழகியிருந்தால் தலையோடு சுரப்பியும் சேர்ந்து வரும். பழகாவிட்டால் தலை மட்டும் வரும், நுளம்பும் போச்சு, நேரமும் போச்சு. அதற்குப் பிறகு நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தால் வாரக்கணக்கில் ஒன்றுமே தெரியாது. கழுத்து வலிதான் மிச்சம். அதனால் எங்கள் ஆய்வில் முதல் கட்டமாக நுளம்புகளை இடம்வாரியாகச் சேர்த்து, முழுசாக அரைத்து, எந்த இடத்து நுளம்பில் ஒட்டுண்ணியின் தடயம் இருக்கிறது என்று மட்டும் பார்த்தார்கள். அது சீக்கிரம் முடியும். தலையைப் பிடுங்குகிற வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று திட்டம்.

ஆய்வை நடத்தியவர் யாழ்ப்பாணத்துக்காரர், பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். நான் அவரை மேடம் என்று கூப்பிடுவேன். உதவியாளராக என்னை அவர் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம் என் பட்டம் இல்லை. பூண்டுலோயாவுக்கு மேலே அவர் தெரிவுசெய்திருந்த தோட்டம் நான் பிறந்த தோட்டம். எங்கள் குடும்பம் ஹட்டனுக்கு இறங்கி வந்து பல வருஷம் ஆகிவிட்டது என்றாலும், அந்த லயங்களில் எந்தக் கதவைத் தட்டினாலும் என்னை இன்னார் மகள் என்று தெரியும். எனக்குச் சிங்களமும் வரும் என்பதால் தோட்டத்தை நிர்வகிக்கிற துரையிடம் பேசவும் ஆள் கிடைத்தது.

பணிய லயம் என்று நாங்கள் சொல்லும் கீழ் லயத்துக்குப் பின்னால் ஒரு கான், கழிவுநீர் வாய்க்கால், ஓடுகிறது. ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அது அடைத்துக்கொண்டு கறுப்பாகத் தேங்கித்தான் கிடக்கிறது. கானுக்கு அந்தப் பக்கம் தேயிலை, தேயிலைக்கு அந்தப் பக்கம் ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் காடு. விடியற்காலையில் காட்டுக்கோழிகள் ஓடையைத் தாண்டித் தேயிலைக்குள் மேயும். லயத்துக் கோழிகளும் அங்கேதான் மேயும்.

அந்த லயத்தின் கடைசிக் காம்பராவில், கடைசி வீட்டில், என் அத்தை தனியாக இருந்தாள். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா. மாமா இறந்து நாளாகிவிட்டது, பிள்ளைகள் இல்லை. கால் வீங்கிக்கொண்டு கொழுந்தெடுக்க மலையேற முடியாமல் வேலையிலிருந்து நின்றுவிட்டாள். தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் காம்பரா என்பது எழுதாத சட்டம். மாமா உழைத்த உழைப்புக்கு யாரும் அவளை எழும்பச் சொல்லவில்லை, அவ்வளவுதான். முட்டை விற்றுத்தான் உப்பு புளி வாங்கினாள். பொழுது சாய்ந்ததும் கோழிகளைக் குசினிக்குள் விட்டுக் கதவை அடைத்துவிடுவாள். ஈர விறகு அடுப்பில் புகைந்துகொண்டே இருக்கும், கண் எரியும். கீரி பயம் என்பாள். தனியாகப் படுக்கப் பயம் என்றுதான் எனக்குத் தோன்றியது. மற்ற வீட்டுக்காரர்கள் வீட்டுக்குப் பின்னால், கான் ஓரமாகக் கூடு கட்டி அதில் அடைத்தார்கள்.

நாங்கள் வேலை தொடங்கிய வருஷம் மழைக்குப் பிறகு கோழிகள் சாகத் தொடங்கின. கொண்டை வெளுத்து, பச்சையாகக் கழிந்து, சிறகைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு மூலையில் உட்காரும். இரண்டொரு நாளில் சாய்ந்துவிடும். நாங்கள் இரத்தம் எடுத்துப் பார்த்தோம். மலேரியாதான். ஆராய்ச்சிக்காரர்களுக்கு அது அதிர்ஷ்டம். மேடம் அன்றைக்கு வேனுக்குள் சந்தோஷப்பட்டது உண்மை. அவர் மனசறிந்து யார் கெட்டதையும் விரும்பியவரில்லை, தேடி வந்த நோய் கண்ணெதிரே கிடைத்த சந்தோஷம். லயத்துச் சனத்துக்கு அது கோழியும் முட்டையும் போகிற துக்கம்.

செத்த கோழிகளில் ஒன்று சாதாரணக் கோழி இல்லை. தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து வேலை தொடங்குமுன் மலையில் கல் வைத்து, சேவல் அறுத்துக் கும்பிடுவது எங்கள் தோட்டங்களில் வழக்கம். கவ்வாத்துக் கத்தி யார் கையையும் காலையும் பதம் பார்க்கக்கூடாது என்று வேண்டுதல். அந்த வருஷம் சாமிக்கென்று விட்டிருந்த சேவல் தலைவர் வீட்டில் வளர்ந்தது. தலைவர் என்றால் அந்தத் தோட்டத்தில் தொழிற்சங்கத்துக்குப் பொறுப்பானவர், நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்கிறவர். கும்பிடுகிற நாள் நெருங்கியபோது அந்தச் சேவல் செத்துப்போனது. வேறொரு சேவல் வாங்கி அறுத்தார்கள். கவ்வாத்து நடந்த முதல் வாரத்திலேயே தலைவரின் தம்பிக்குக் கத்தி நழுவி முழங்காலுக்குக் கீழே இறங்கியது. இன்றைக்கும் அவர் நொண்டித்தான் நடக்கிறார்.

அதற்குப் பிறகு லயத்தில் பேச்சு ஒரே பக்கம் திரும்பிவிட்டது. சாமிச் சேவல் இரை பொறுக்கிக்கொண்டிருந்தபோது அந்த வழியாகப் போன அத்தை, "நல்லா தெரண்டிருக்கு" என்று சொன்னாளாம். தலைவர் வீட்டம்மா அதைக் காதால் கேட்டாராம். என்னை இஸ்தோப்பில் உட்கார வைத்து அவர் நேராகவே கேட்டார்.

"நீ படிச்ச புள்ள, நீயே சொல்லு. ஊருக் கோழி பூரா சாவுது. அவங்க கோழி மட்டும் முட்ட போடுது. எப்புடி?"

"அவங்க கோழி பொகைக்குள்ள படுக்குதுங்க. கொசு அண்டாது. அதனாலதான் சாவல."

"கொசுவா? கொசுக் கடிச்சுக் கோழி சாவுமா? நாங்க எல்லாம் கொசுக் கடியிலதான படுக்கிறோம்."

அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கொழுந்தன் கால் போன வயிற்றெரிச்சல் அவருக்கு. ஆனால் அன்றைக்கு அவர் கண்ணில் ஒரு முடிவு இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து வந்தேன். அத்தைக்குப் பிள்ளை இல்லை, புருஷன் இல்லை, வேலை இல்லை. அந்தக் காம்பராவை விட்டால் போக்கிடமும் இல்லை. நுளம்புதான் காரணம் என்று சீக்கிரம் காட்டிவிட்டால் அவளைக் காப்பாற்றிவிடலாம் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையில் விடியுமுன் போய், எல்லாக் காம்பராக்களின் பின்சுவர்களிலும் வெளிப்பக்கம் ஒட்டியிருந்த நுளம்புகளை வாயால் உறிஞ்சும் குழாய் வைத்துப் பிடித்தேன். கூடுகளுக்குப் பக்கத்தில் பொறி வைத்தேன். ஓடையோரத்திலும் வைத்தேன்.

அரைத்துப் பார்த்த முடிவு வந்தது. தடயம் அதிகமாக இருந்தது அத்தை வீட்டுப் பின்சுவர் நுளம்புகளில்.

காரணம் எங்களுக்குத் தெரியும். வயிறு நிறைய இரத்தம் குடித்த நுளம்பால் தூரம் பறக்க முடியாது. இருட்டும் ஈரமுமான சுவர் ஒன்று தேடி ஒட்டிக்கொண்டு செரிக்கும்வரை கிடக்கும். கான் தேங்கி நிற்கிற கடைசிக் காம்பராவின் பின்சுவர் பாசி பிடித்து எப்போதும் நனைந்துதான் இருக்கும். மற்றவர்களின் கோழிகளைக் கடித்த நுளம்புகள் அங்கே வந்து ஓய்வெடுத்தன. வயிற்றில் இருந்தது மற்றவர்கள் வீட்டுக் கோழியின் இரத்தம்.

முற்றம் தந்த சனத்துக்கு முடிவைச் சொல்ல வேண்டும் என்பது மேடத்தின் கொள்கை. அவர்களுடைய வீட்டில் பிடித்ததை அவர்களுக்குச் சொல்லாமல் வெளிநாட்டுக் கூட்டத்தில் போய்ச் சொல்வது திருட்டு மாதிரி என்பார். லயத்தை வரைந்து, ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒரு புள்ளி வைத்து, தடயம் கூடக்கூட நிறம் சிவக்கிற மாதிரி ஒரு படம் தயாரித்திருந்தார். பார்த்ததும் சொன்னேன்.

"காம்பரா காம்பராவா காட்ட வேணாம் மேடம். லயத்துக்கு ஒரே நிறமா போட்டுருவோம்."

"அப்பிடிப் பூசி மெழுகிக் காட்டினா அது பொய் சொல்லுற மாதிரியெல்லே? நான் விளங்கப்படுத்திறன், நீர் பயப்பிடாதையும்."

"இவங்க அதக் கேக்க மாட்டாங்க. அங்க இருக்கிறது என் அத்த."

"அதுக்காகத் தரவை ஒளிக்க ஏலுமோ பிள்ளை? உம்மட அத்தையின்ர கோழியளுக்கு நோயே இல்லையெண்டு நானே அங்க சொல்லுறன். அது அவவுக்கு நல்லதுதானே."

அவர் நல்லவர். அதனால்தான் இன்றைக்கும் அவர்மேல் வைக்கிற கோபத்தை என்னால் ஒழுங்காக வைக்க முடியவில்லை.

கூட்டம் பிள்ளைக் காம்பராவில் நடந்தது, அதாவது தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் இடம். தொட்டில்களை ஒதுக்கிவிட்டுச் சுவரில் வெள்ளைத் துணி கட்டினோம். சனம் நிறைய வந்திருந்தது. அத்தை கால் வலி என்று வரவில்லை. மேடம் அழகாக, பொறுமையாகப் பேசினார். வயிறு, சுரப்பி, தடயம் என்று எல்லாம் சொன்னார். அவருடைய தமிழ் எங்கள் ஆட்களுக்கு வானொலிச் செய்தி மாதிரி, மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு படம் வந்தது. வரிசையாக வெளிறிய புள்ளிகள், கடைசியில் ஒன்று மட்டும் இரத்தச் சிவப்பு.

"அந்தச் செவப்பு எந்தக் காம்பராங்க?" என்று யாரோ கேட்டார்கள். கேட்கத் தேவையே இருக்கவில்லை.

மேடம் தொட்டுக் காட்டிச் சொன்னார். தலைவர் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, மிகவும் பணிவாகக் கேட்டார்.

"அவங்க கோழிக்கு நோய் இருக்குங்களா மேடம்?"

"இல்லை. அந்தக் கோழியளின்ர இரத்தத்தில ஒண்டுமே இல்லை," என்றார் மேடம். நல்ல செய்தி சொல்கிறோம் என்ற நினைப்பில் கொஞ்சம் சிரிக்கவும் செய்தார்.

சளசளவென்று பேச்சுக் கிளம்பியது. நான் எழுந்து முன்னால் போனேன். எங்கள் பேச்சிலேயே உரக்கச் சொன்னேன். இந்தக் கொசு அந்தச் செவுத்துல சும்மா உக்காந்திருக்குது, ஈரச் செவுரு, அதனாலதான், குடிச்சதெல்லாம் உங்க உங்க வீட்டுக் கோழி ரத்தம், அந்தக் கானைச் சுத்தம் பண்ணுனா அங்க கொசுவே இருக்காது என்றேன். எல்லாரும் அமைதியாகக் கேட்டார்கள். தலைவர் வீட்டம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்.

"அப்ப எங்க கோழி ரத்தத்தக் குடிச்சிட்டு அதெல்லாம் நேரா அவங்க வீட்டுக்குத்தான் போவுதுங்கிற?"

அதற்கு ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆமாம், ஆனால், என்று தொடங்கினேன். ஆமாம் என்பதற்குப் பிறகு நான் சொன்ன எதுவும் அந்த அறையில் யார் காதிலும் விழவில்லை. அவர்களை முட்டாள்கள் என்று ஒருவரும் சொல்லக்கூடாது. நாங்கள் கொடுத்த தகவல்களை வைத்துக்கொண்டு அவர்கள் போட்ட கணக்கில் ஒரு பிசகும் இல்லை. ஊரார் கோழி சாகிறது, அவள் கோழிக்கு நோய் இல்லை, ஊரார் கோழியின் இரத்தம் அவள் வீட்டுக்குப் போகிறது. முன்பு வாய்ப்பேச்சாக இருந்தது. இப்போது பல்கலைக்கழகமே வந்து படம் போட்டுக் காட்டிவிட்டுப் போய்விட்டது.

அதற்குப் பிறகு அத்தை குழாயடிக்குப் போனால் மற்றப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள். அவள் விற்ற முட்டையை யாரும் வாங்கவில்லை. கூரைத் தகரத்தில் கல் விழுந்தது. ஒரு நாள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தபோது கோழிகள் எல்லாம் கழுத்து முறிந்து வாசலில் வரிசையாகக் கிடந்தன. அவள் அழவில்லை என்று பக்கத்துக் காம்பராப் பிள்ளை சொன்னாள். அதையும் அந்த லயத்தில் அவளுக்கு எதிராகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

நான் துரையைப் பார்க்கப் போனேன். கானை வெட்டிவிடுங்கள், சுவருக்குச் சீமெந்து பூசிவிடுங்கள் என்று சிங்களத்தில் கெஞ்சினேன். உட்காரச் சொல்லி, தேத்தண்ணி வரவழைத்து, நல்ல யோசனை என்றார். பிறகு, அந்த அம்மாவுக்கு இங்கே நிம்மதி இல்லை, தலைவரும் வந்து பேசினார், வேலைக்கு இருக்கிற ஒரு குடும்பம் காம்பரா இல்லாமல் கஷ்டப்படுகிறது என்றார். கான் வெட்ட ஆள் போட வேண்டும். ஒரு கிழவியை எழுப்புவதற்கு ஒரு வார்த்தை போதும். அவருக்கு எது சுலபமோ அதைச் செய்தார். மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு வந்து வாசலில் நின்று, வெகு மரியாதையாக, மாதக் கடைசிக்குள் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஹட்டனில் எங்களோடு வந்து இருக்கச் சொன்னேன். அத்தை மறுத்துவிட்டாள். கினிகத்தேனையில் மாமாவின் சொந்தக்காரர் ஒருவர் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். அங்கே அடுக்களையில் ஒத்தாசைக்கு ஆள் தேவை, படுக்க இடமும் உண்டு என்றார்கள். அவள் போன அன்று பையைத் தூக்கிக்கொண்டு நான்தான் கூடப் போனேன். லயத்து வாசலில் சனம் நின்று பார்த்தது. கானைத் தாண்டும்போது அவளுடைய செருப்பு வார் கழன்றது. குனிந்து மாட்டிக்கொண்டாள். பிறகு ரோட்டுக்கு ஏறினோம். தலவாக்கலை, ஹட்டன் என்று பஸ் மாறிப் போய்ச் சேரும்வரை முன் சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகுதான் நான் தலையைப் பிடுங்கும் வேலையில் வெறியோடு இறங்கினேன். கடைசிக் காம்பராச் சுவரில் பிடித்த இனத்தை ஒன்று விடாமல் அறுத்தேன். சுரப்பிகள் எல்லாம் சுத்தமாக இருந்தன. வயிற்றில் கிடந்தது, தொண்டைக்கு ஏறவேயில்லை. அந்த நுளம்பால் ஒரு குருவிக்கும் தீங்கில்லை. ஓடையோரப் பொறியில் அகப்பட்டது வேறொரு இனம். சின்ன உடம்பு, காலில் வெள்ளை வளையங்கள். காட்டுக்கும் தேயிலைக்கும் நடுவில் சேற்றுக் குழிகளில் பிறந்து, பொழுது சாயும் நேரத்தில் கூடுவரை வந்து கடித்துவிட்டுக் காட்டுக்கே திரும்பிப் போவது. ஒரு பிற்பகல், அந்த இனத்து நுளம்பு ஒன்றின் சுரப்பியை நசுக்கிப் பார்த்தபோது, ஊசிமுனை மாதிரி மெல்லிய வளைந்த கீற்றுகள் கூட்டமாக நெளிந்தன. மேடத்தைக் கூப்பிட்டேன். அவர் பார்த்துவிட்டு என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். காட்டுக்கோழிகளின் இரத்தத்திலும் அதே ஒட்டுண்ணி இருந்தது. அவை நோயைச் சுமந்துகொண்டு சுகமாக மேய்கின்றன, லயத்துக் கோழிதான் தாங்காமல் சாகிறது. எல்லாம் பொருந்தி வந்தது. மேடத்தின் கண் கலங்கியிருந்தது. எனக்கு அந்தக் கண்ணாடித் தகட்டைத் தூக்கி எறிய வேண்டும் போலிருந்தது.

பணிய லயத்துக்குப் போய்ச் சொன்னேன். கடைசிக் காம்பராவுக்கு வந்திருந்த புதுக் குடும்பத்தின் கோழிகளும் அதற்குள் செத்திருந்தன, வாசலில் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். தலைவர் முழுவதையும் கேட்டார். அவர் யோசிக்கிறார் என்று பட்டது.

"அவங்க போனப்பறமும் கோழி சாவுதுல்ல? அப்ப அவங்க காரணம் இல்லன்னுதானங்க அர்த்தம்?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லுமுன் வீட்டம்மா உள்ளேயிருந்து வந்தார். "போனவங்க சும்மாவா போனாங்க? கானுக்கிட்ட குனிஞ்சு மண்ண வாரித் தூத்திட்டுல்ல போனாங்க. இந்த லயமே பாத்துச்சு."

"செருப்பு வாரு கழண்டுச்சுங்க. நான் பக்கத்துல நின்னேன்."

"நீ அவங்களுக்குச் சொந்தம். அப்புடித்தான் சொல்லுவ," என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

வாய்விட்டுத் திட்டிவிட்டு வந்திருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். இறங்கி வந்தேன். லயத்துக்குச் சொல்லிப் பயனில்லை, உரியவளுக்காவது சொல்லிவிட வேண்டும் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை கினிகத்தேனைக்குப் போனேன். அப்போது நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. அத்தைக்கு அது தெரியாது. இந்தச் சந்தோஷத்தையும் சேர்த்துச் சொல்லலாம் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டே வந்தேன்.

கடைக்குப் பின்னால், தகரச் சாய்ப்புக்குக் கீழே, சுவரைப் பார்த்து உட்கார்ந்து அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். சேலைத் தலைப்பை நெற்றிக்குக் கீழே இழுத்துவிட்டிருந்தாள். கடைக்காரரின் பேரக் குழந்தை தவழ்ந்து வந்து அவள் முதுகைத் தட்டியது. அவள் திரும்பவில்லை. "இந்தப் புள்ளையத் தூக்கிக்கிட்டுப் போங்க" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். ஒரு பெண் வந்து தூக்கிக்கொண்டு போனாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஓடையோரத்து நுளம்பு, காட்டுக்கோழி, சுரப்பி, உங்க செவுத்துக் கொசு ஒன்றும் செய்யவில்லை, உங்க கோழிக்கும் ஒன்றுமில்லை, சாமிச் சேவலும் அந்த நோயில்தான் செத்தது, அதன் இரத்தம் இன்னும் எங்களிடம் இருக்கிறது. அவளுடைய கை நின்றது.

"நெசமாவா?"

"சத்தியமா அத்த. என் கண்ணாலயே பாத்தேன்."

"அப்ப அந்தச் சேவல நான் கொல்லலையா?"

ஊரே சொன்னாலும் தன்மேல் பழி இல்லை என்று அவளுக்குத் தெரியும் என்றுதான் நான் அத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"நாந்தான சொன்னேன், தெரண்டிருக்குன்னு," என்றாள். "சொன்ன ஒடனே மனசுல சுருக்குன்னுச்சு. அப்பறம் அந்தத் தம்பி காலு. அப்பறம் ஒங்க மேடமும் வந்து, எல்லாம் என் வீட்டுலதான் இருக்குன்னு காட்டுனாங்களாமே. படிச்சவங்க அது. பொய்யா சொல்லுவாங்க?"

"அது அப்படி இல்ல அத்த," என்று சொல்லிக்கொண்டே கிட்டப் போனேன். கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. காலடிச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பியவள், என் வயிற்றைப் பார்த்துவிட்டாள். பார்த்ததும் நெருப்பைத் தொட்டவள் மாதிரி முகத்தைச் சுவருக்குத் திருப்பி, இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள். கையிலிருந்த சாம்பலும் சவர்க்கார நுரையும் முகமெல்லாம் ஒழுகியது.

"ஐயோ, ஏன் தங்கம் வந்த? சொல்லி அனுப்பக் கூடாதா? தள்ளிப் போ. தள்ளிப் போ."

"அதான் சொல்றேனே, ஒங்க மேல ஒன்னும் இல்லன்னு."

"இல்லாமலே இருக்கட்டும். நீ சொல்றது நெசமாவே இருக்கட்டும். புள்ள நல்லபடியா பொறக்கட்டும், அப்பறம் வா. அப்பவும் தூரமா நின்னு கொரல மட்டும் கேக்க வையி, போதும்."

அவள் கண்ணிலிருந்து கையை எடுக்கவேயில்லை. நுரை கண்ணுக்குள் போய் எரிந்திருக்க வேண்டும், தோள் குலுங்கியது. நான் அங்கே நிற்கும்வரை அவள் முகம் கழுவப்போவதில்லை என்று தெரிந்ததும், பையை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தேன்.